மூன்றாம் நாள் வந்த நோயாளி

பதினேழாவது முறையாகத் திருத்திய கட்டுரையை ஷமீமாவின் மேசைமேல் வைத்துவிட்டு, அம்பலவாணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். காலையிலிருந்து வெளிநோயாளிப் பிரிவில் நூற்றெண்பது பேரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வாயைத் திறந்து பேசக்கூடத் தெம்பில்லை.

காவிரிக் கடைமடைப் பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி அது. அம்பலவாணன் அங்கே பொது மருத்துவர். இருபத்திரண்டு வருட வேலையில் எந்த மருத்துவ இதழிலும் அவர் பெயர் வந்ததில்லை. ஷமீமா சமூக மருத்துவத் துறையில் பேராசிரியர். அம்பலவாணனைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் கட்டுரை எழுதுகிற விஷயத்தில் அந்தக் கல்லூரியில் யாராக இருந்தாலும் ஷமீமாவிடம்தான் வந்து நிற்க வேண்டும். அம்பலவாணன் இரண்டு வருடமாக வந்து நிற்கிறார்.

கட்டுரை ஒரே ஒரு நோயாளியைப் பற்றியது. முப்பத்தெட்டு வயது ஆண், வயல் வேலை. எலிக்காய்ச்சல் நுரையீரலைத் தாக்கி இறந்துபோனார். மூன்று இதழ்கள் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டன. நான்காவது இதழ் மட்டும், திருத்தி மாத முடிவுக்குள் அனுப்பினால் போடுவதாக எழுதியிருந்தது. அவர்களுக்குப் பிடித்ததே அதன் முடிவுரைதான். கிராமத்து மக்கள் காய்ச்சலை அலட்சியம் செய்கிறார்கள், இவரும் மூன்றாம் நாள்தான் மருத்துவமனைக்கு வந்தார், முதல் நாளே வந்திருந்தால் பிழைத்திருக்கக் கூடும் என்று அம்பலவாணன் எழுதியிருந்தார்.

சுருக்கம் இருநூற்றைம்பது சொல்லுக்குள் வந்தாயிற்று. மேற்கோள் பட்டியலை அவர்கள் கேட்ட வரிசைக்கு மாற்றியாயிற்று. எக்ஸ்ரே தெளிவாக இல்லை என்று சொன்னதால் அதையும் மூன்று தடவை ஸ்கேன் செய்து பார்த்தாயிற்று.

"இன்னும் இதுல என்ன மேடம் பாக்கி?"

ஷமீமா கடைசித் தாளைப் புரட்டிக் காட்டினார். குடும்பத்தார் தர வேண்டிய ஒப்புதல் படிவம். கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது.

அம்பலவாணன் அலுத்துக்கொண்டார். வார்டிலிருந்து யாரையாவது அனுப்பி வாங்கிவரச் சொல்கிறேன் என்றார்.

"நீங்களே போங்க டாக்டர். கட்டுரை முழுக்கத் தமிழ்ல படிச்சுச் சொல்லிட்டு, அப்புறம் வாங்குங்க."

ஞாயிற்றுக்கிழமை அம்பலவாணன் இறந்தவரின் வீட்டுக்குப் போனார். இருந்த ஒரு விடுமுறையும் போயிற்றே என்ற எரிச்சல் வழி நெடுக இருந்தது. இறந்தவரின் மனைவி பவளக்கொடி அப்போதுதான் நடவு முடித்து வந்து, காலைக் கழுவிக்கொண்டிருந்தார். டாக்டரை அடையாளம் தெரிந்ததும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்தார். வந்த காரியத்தைச் சொன்னதும், படிங்க சார் என்று எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

அம்பலவாணன் வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதிலேயே இருந்தார். காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் நோயாளி மருத்துவமனைக்கு வந்தார் என்ற இடத்தில் பவளக்கொடி கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாங்க திங்கக்கிழமையே வந்தோம் சார்."

இல்லம்மா, புதன்கிழமைதான் சேர்த்ததாக ரெக்கார்டில் இருக்கிறது என்று அம்பலவாணன் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பவளக்கொடி வாதாடவில்லை. எழுந்துபோய் ஒரு துணிக்கடைப் பையை எடுத்துவந்தார். புருஷனின் காகிதங்களெல்லாம் அதில்தான் இருந்தன. ஆதார் நகலையும் இறப்புச் சான்றிதழையும் ஒதுக்கிவிட்டு, நான்காக மடித்த ஓ.பி. சீட்டு ஒன்றைப் பிரித்து நீட்டினார்.

திங்கட்கிழமைத் தேதி. காய்ச்சல், கால்வலி என்று எழுதியிருந்தது. எலிக்காய்ச்சலைச் சந்தேகிக்க வைக்கிற இரண்டும். நாடித்துடிப்பு குறிக்கவில்லை, ரத்த அழுத்தம் குறிக்கவில்லை. மூன்று நாளைக்குக் காய்ச்சல் மாத்திரை. அடியில் ஒரு கிறுக்கல் கையெழுத்து. அம்பலவாணனின் கையெழுத்து.

"அன்னைக்கு ரொம்பக் கூட்டம் சார். கெண்டைக்கால் உசுரு போவுதுன்னு சொன்னாரு. நீங்க நிமிந்து பாக்கல."

குறையாக அவர் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அம்பலவாணன் அந்தத் திங்கட்கிழமையை நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். ஒரு முகம்கூட வரவில்லை. வரிசை மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது.

மீதியையும் படித்துத்தான் ஆக வேண்டும். கிராமத்து மக்களின் அலட்சியம் என்ற வரி வந்தபோது அவர் குரல் தாழ்ந்துபோயிற்று. பவளக்கொடி கடைசி வரைக்கும் கேட்டார். பிறகு, எங்க சார் போடணும் என்று பேனாவை வாங்கி, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் அம்பலவாணன் தலைமை மருத்துவரிடம் விஷயத்தைச் சொன்னார். கட்டுரையை எழுதியவர்களில் ஒருவராகத் தலைமை மருத்துவரின் பெயரும் இருந்தது. ரெக்கார்டில் புதன்கிழமை என்றுதானே இருக்கிறது, நாம் பொய் ஒன்றும் எழுதவில்லையே என்றார் அவர். இருநூறு பேரை ஒரே ஆள் பார்க்கிற இடத்தில் இதெல்லாம் நடக்கத்தான் செய்யும், ஒரு துண்டுச் சீட்டுக்காக உங்களை நீங்களே மாட்டிவிட்டுக்கொள்ளாதீர்கள் என்று கரிசனமாகவே சொன்னார்.

மாத முடிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அம்பலவாணன் மறுபடி ஷமீமாவிடம் வந்தார். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். அந்த ஒரு வரியை மாற்றினால் முடிவுரையே நிற்காது, அந்த இதழும் எடுத்துக்கொள்ளாது, தலைமை மருத்துவரும் தன் பெயரை எடுக்கச் சொல்லிவிடுவார் என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"எனக்கு முடியல மேடம். அந்தம்மாதான் கையெழுத்துப் போட்டுட்டாங்களே. அப்படியே அனுப்பிடட்டுமா?"

"சீட்டைக் காட்டுறதுக்கு முன்னாடி போட்டாங்களா, அப்புறமா?"

"அப்புறம்தான்."

"அப்போ அவங்க கையெழுத்துப் போட்டது எந்தக் கட்டுரைக்கு? புதன்கிழமை வந்தாருங்கறதுக்கா, திங்கக்கிழமை வந்தாருங்கறதுக்கா?"

அம்பலவாணன் காகிதங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மாதம் முடிந்தது. இதழ் கொடுத்த கெடுவும் போயிற்று. அம்பலவாணன் நினைத்தபடியே, தலைமை மருத்துவர் தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். வெளிநோயாளிப் பிரிவு முடிந்து சாப்பாட்டுக்குப் போகும் முன், ஆள் இல்லாத அறையில் அம்பலவாணன் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதினார். சில நாள் ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது. சில நாள் அதுவும் வரவில்லை, நெற்றியைக் கையில் தாங்கியபடி இருந்துவிட்டு எழுந்து போனார். தலைப்பு மாறியது. முடிவுரை மாறியது. சின்ன இதழ் ஒன்றுக்கு அனுப்பலாம் என்று பார்த்தால், அவர்களுடைய மேற்கோள் வரிசை வேறாக இருந்தது. அதையும் முதலிலிருந்து மாற்றினார்.

நான்காம் வாரம் புதுக் கட்டுரையோடு வந்தார். முன்பிருந்ததைவிட இளைத்துத் தெரிந்தார். ஷமீமா பேனாவைத் திறந்துகொண்டு படித்தார். சுருக்கத்தில் இரண்டு இடத்தில் கால்புள்ளி போட்டார். இரண்டாம் பக்கத்தில் பேனா நின்றது. அந்தப் பக்கத்தை அம்பலவாணன் பக்கம் திருப்பி வைத்தார்.

நோயாளி முதல் நாளே மருத்துவமனைக்கு வந்தார் என்று இருந்தது. அதற்கு அடுத்த வரியில், அன்று பரிசோதனை செய்யப்படவில்லை, மாத்திரைகள் மட்டும் தரப்பட்டன என்று இருந்தது. செய்யப்படவில்லை, தரப்பட்டன என்ற இரண்டு சொற்களுக்கும் அடியில் ஷமீமா கோடு போட்டிருந்தார்.

அம்பலவாணன் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். மருத்துவ இதழ்களில் எல்லோரும் இப்படித்தானே எழுதுகிறார்கள் என்றார். எங்கே தப்பு என்று கேட்டார்.

"வாக்கியத்துல தப்பு ஒண்ணும் இல்ல டாக்டர். ஆளைத்தான் காணோம்."