கும்மனும் கறுப்பு ஃபோமும்

வாயைத் திறந்தால் சொன்னதையே திருப்பிச் சொல்லும் அறை ஒன்று, பெருந்துறைப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் இருந்தது. அந்த வீட்டுக்காரர் நாச்சிமுத்து. அதைக் குரல் பதிவு செய்கிற ஸ்டூடியோவாக மாற்றிக் காட்டுகிறேன் என்று ஒரு நாள் கிளம்பினார். கிளம்பிய நாள் முதல் அவர் அந்த அறையைப் பார்த்தாரே ஒழிய, ஒரு நாளும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

கடைக்குப் போய்க் கேட்டதும், கடைக்காரர் கறுப்பு ஃபோம் பஞ்சுக் கட்டுகளை எடுத்துப் போட்டார். ஒரு விரல் கனம், மேலே முள் முள்ளாக.

"இதை ஒட்டிட்டீங்கன்னா அவ்வளவுதானுங்க. சத்தம் செத்துரும்" என்றார்.

கத்திரிக்காய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிற ஆள் நாச்சிமுத்து. காம்பைத் திருகிப் பார்ப்பார், சொத்தை இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பார். அன்றைக்கு எந்தச் சத்தம் சாகும், எந்தச் சத்தம் சாகாது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கட்டின் மேல் ஒட்டியிருந்த படத்தில் ஒரு வெள்ளைக்காரன் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தான். அவருக்கு அது போதுமாக இருந்தது.

நாலு சுவர், கூரை, கதவின் முதுகு, சுவிட்ச் பெட்டியைச் சுற்றி இருந்த இண்டு இடுக்கு என்று ஓர் இடம் விடாமல் ஒட்டினார். போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்.

அந்த அறையில் இரண்டு சாதிச் சத்தங்கள் நடமாடின. ஒன்று, பொடிசுகள். நாக்கு நுனியிலும் பல்லிடுக்கிலும் பிறக்கிற மெல்லிய சத்தங்கள். ஓடிப்போய்ச் சுவரைத் தொட்டுவிட்டு ஓடி வரும். ஒரு சொல்லை இன்ன சொல் என்று காட்டிக்கொடுப்பவை அவைதான். மற்றது கும்மன். குரலின் அடிவயிற்றில் பிறக்கிற தடியன். சுவரோரமாக உருண்டு போய் மூலையில் சப்பணம் போட்டு உட்காருவான். யார் எதைப் பேசினாலும் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொள்வான்.

முதல் நாளே பொடிசுகள் ஓடி வந்து சுவரைத் தொட்டன. கறுப்பு ஃபோம் ஒன்றைக்கூட விடவில்லை. அத்தனையையும் விழுங்கியது.

பின்னாலேயே கும்மன் வந்தான்.

"யாரது?" என்று ஃபோம் அதட்டியது.

"நான்தான் தம்பி, கும்மன். இந்த வழியாத்தான் போவேன், வருவேன்."

ஃபோம் அவன் பருமனைப் பார்த்தது. தன் ஒரு விரல் கனத்தைப் பார்த்தது. குரல் உடனே இளகிவிட்டது.

"அண்ணனுங்களா! தாராளமாப் போங்க. உங்களை யாருங்க தடுக்கப் போறாங்க?"

"காவலுக்கு வந்திருக்கறதாச் சொன்னாங்க?"

"காவலுக்குத்தானுங்க. அதுக்காக ஆள் அம்பு பாக்காமயா காவல் காப்பாங்க?"

கும்மன் சிரித்தான். சுவர் லேசாக அதிர்ந்தது. "அப்ப இப்பிடி வெச்சுக்கலாம். நீ என்னைக் கண்டுக்காதே. நான் உன்னை உலுக்க மாட்டேன். அந்தப் பசை எத்தனை நாளைக்கு நிக்கும்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

பேரம் ஒரே நிமிடத்தில் முடிந்தது.

சாயங்காலம் ஃபோம் நடு அறையில் நின்ற மைக்கிடம் பெருமை அடித்தது. "இன்னிக்கு மட்டும் எத்தனை பேரைப் பிடிச்சேன் தெரியுமா? எண்ணி மாளாது."

"பிடிச்சது பூராப் பொடிசுக" என்றது மைக். "மூலையில ஒருத்தன் தொந்தியைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கானே, அவனை?"

"மூலையா? எந்த மூலை? நான் சுவரு. மூலை என் எல்லைக்குள்ள வராது."

இதனால் அடி வாங்கியது துளசிமணி. நாச்சிமுத்துவின் மனைவி. இருபது வருடமாக அந்த வீட்டில் அவள் குரல் உயர்ந்ததெல்லாம் சோறு ஆறிப்போகிறது என்று கூப்பிடத்தான். கண் தெரியாத பிள்ளைகளுக்காகப் பள்ளிப் பாடங்களைப் படித்துப் பதிவு செய்து தரும் அறக்கட்டளை ஒன்று கோயமுத்தூரில் இருந்தது. அங்கே நிரந்தரமாகப் படிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். மாதிரிக்கு ஒரு பாடம் படித்து அனுப்பச் சொன்னார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக, அவள் பேசுவதைக் கேட்க யாரோ காத்திருந்தார்கள்.

முதல் மாதிரி திரும்பி வந்தது. சொற்கள் தெளிவாக இல்லையாம்.

"உன்ற தொண்டைலதான் கோளாறு புள்ள" என்றார் நாச்சிமுத்து. "ரூமு என்ன பண்ணும்? ரூமைப் பாரு, எப்பிடி இருக்குது!"

அவளும் நம்பினாள். தயிரை விட்டாள். உப்புத் தண்ணீர் கொப்பளித்தாள். கண்ணாடி முன் நின்று, வாயை அகலத் திறந்து பழகினாள். இரண்டாவது மாதிரியும் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம்: "கண் தெரியாத குழந்தைக்குக் காதுதான் புத்தகம். உங்கள் புத்தகத்தில் எழுத்துகள் கலங்கியிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைக்குள் கடைசியாக ஒன்று அனுப்பிப் பாருங்கள். அதற்குப் பிறகு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம்."

நாச்சிமுத்து யோசித்தார். யோசித்து என்ன செய்தார்? இன்னும் இரண்டு கட்டு ஃபோம் வாங்கி வந்து, ஒட்டியதன் மேலேயே ஒட்டினார்.

"ஆள் பலம் கூடிருச்சு!" என்று குதித்தது ஃபோம்.

"கூடட்டும், கூடட்டும்" என்றான் கும்மன். "பொடிசுக இரைச்சல் இல்லாம எனக்கும் நிம்மதி."

ஞாயிற்றுக்கிழமை காலையில் துளசிமணி மைக் முன் உட்கார்ந்தாள். எறும்புகள் வீடு கட்டுவதைப் பற்றிய பாடம். படிக்கத் தொடங்கினாள். பொடிசுகள் ஓடிப்போய்ச் சுவரில் மாட்டின.

"ஐயா, விட்ருங்க. நாங்க திரும்பிப் போகலைன்னா அந்தம்மா சொன்ன சொல்லு முழுசாகாது" என்று கெஞ்சின.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றது ஃபோம், முள்ளை நிமிர்த்திக்கொண்டு. கும்மன் அதைத் தாண்டித்தான் நடந்து போய்க்கொண்டிருந்தான்.

பதிவைப் போட்டுக் கேட்டால், குடத்துக்குள் தலையை விட்டுப் பேசியது போல இருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஒரக்கப் படி புள்ள" என்றார் நாச்சிமுத்து.

உரக்கப் படித்தாள். கும்மன் இன்னும் கொழுத்தான்.

ஒரு தாள் நழுவி மூலைக்குப் போனது. எடுக்கக் குனிந்தாள். அந்த நேரம் பார்த்து நாச்சிமுத்து மைக்கில் "ஹலோ, டெஸ்ட்டிங்" என்றார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூலைக்குள் அவர் குரல் தவில் போல அடித்தது. தலையை வெளியே எடுத்தாள், சாதாரணக் குரல். உள்ளே விட்டாள், தவில். மறுபடி வெளியே, மறுபடி உள்ளே.

"என்ன புள்ள, மூலையில போய் முட்டிக்கிட்டு நிக்கறே?"

"ஏனுங்க, இங்க வந்து கேளுங்க."

"நான்தான் கம்ப்யூட்டர்ல பாத்துக்கிட்டே இருக்கறனே!"

"பாக்கறது கெடக்கட்டுமுங்க. தலையை இங்க குடுங்க."

தலையைக் கொடுக்க அவர் வரவில்லை. அவள் கீழே போனாள். திரும்பி வரும்போது இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை மாடிப்படியில் இழுத்துக்கொண்டு வந்தாள். போய் இன்னொன்றையும் கொண்டுவந்தாள்.

ஃபோம் வயிறு குலுங்கச் சிரித்தது. "இதென்ன, மேல மேப்பு வரைஞ்சிருக்குது?"

"இந்த வீட்டுப் பிள்ளைக ரெண்டும் வரைஞ்சது" என்றது மூத்த மெத்தை. "ஆறு வருசம் வரைஞ்சாங்க. ஒரு துளி கீழ எறங்க விடல நான். நீ என்னத்தைத் தாங்கியிருக்கறே?"

நாச்சிமுத்து கத்தினார். "மூத்திர மெத்தையைக் கொண்டாந்து நிறுத்தறியே, நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாங்க?"

"கோயமுத்தூர்க்காரங்க போட்டோவா கேட்டாங்க? பேச்சைத்தானுங்க கேட்டாங்க."

"வேண்டாம்னா வேண்டாம்!"

துளசிமணி இடுப்பில் கை வைத்தாள். "சரிங்க, இப்பிடி வெச்சுக்கலாம். மத்தியானம் வரைக்கும் மெத்தை நிக்கட்டும். சரியாகலைன்னா நானே எறக்கிப் போட்டுட்டு, என்ற தொண்டைதான் கெட்டதுன்னு உங்க சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்றேன். போதுமுங்களா?"

நாச்சிமுத்துவுக்கு இதில் நட்டம் எதுவும் தெரியவில்லை. தலையாட்டினார்.

அவள் மெத்தைகளை மூலைக்கு ஒன்றாக, பின்னால் ஒரு சாண் இடம் விட்டு, செங்குத்தாக நிறுத்தினாள். பிறகு, ஃபோம் கூடக் கூடச் சொல் மங்கியதை நினைத்து, எதிர்ச் சுவரில் பாதி ஃபோமைப் பிய்த்து எடுத்தாள்.

"ஐயோ, பிச்சுப் போடறாளே!" என்று பதறினார் நாச்சிமுத்து.

"மெத்தைக்குத்தான் பேரம் பேசுனோம். சுவத்தைப் பத்தி நீங்க ஒண்ணும் கேக்கலீங்களே."

உட்கார்ந்து படிக்கத் தொடங்கினாள். கும்மன் வழக்கம்போல மூலையைப் பார்த்து உருண்டு வந்தான். அங்கே யாரோ நின்றுகொண்டிருந்தார்கள்.

"யார்ரா அது, என் எடத்துல?"

"மெத்தை."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியாது. படுக்கறியா?"

கும்மன் முட்டினான். முட்டியதற்குப் பதில் சத்தம் வரவில்லை. பஞ்சுக்குள் ஒரு சாண் போனான், மூச்சு வாங்கியது. திமிறிப் பின்பக்கம் வந்தான், சுவர் தள்ளியது. மறுபடி பஞ்சுக்குள்ளேயே விழுந்தான். "ஏய், அந்த ஃபோமைக் கேளு, நான் யாருன்னு அது சொல்லும்!" என்று இரைத்தான்.

மெத்தை ஃபோமைப் பார்த்தது.

"இவரை நான் பார்த்ததே இல்லீங்க" என்றது ஃபோம்.

கும்மன் சாகவில்லை. ஆனால் பூனையளவு சுருங்கிப்போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். பொடிசுகள் வெற்றுச் சுவரைத் தொட்டுவிட்டுத் துள்ளிக்கொண்டு திரும்பின. ஒவ்வொரு சொல்லும் கையும் காலும் முழுசாக மைக்கிடம் வந்து நின்றது.

"இத்தனை நாளும் இந்தம்மா குரலையே நான் கேக்கலையா!" என்றது மைக்.

மத்தியானத்துக்குள் அனுப்பினாள். சாயங்காலமே பதில் வந்தது. "இதற்கு முன் உங்களுக்காக வேறு யாராவது படித்தார்களா? அடுத்த வாரமே ஆறாம் வகுப்புப் பாடங்களைத் தொடங்கிவிடுங்கள்."

துளசிமணி அதை அந்த அறையின் நடுவில் நின்று, வாய்விட்டு இரண்டு முறை படித்தாள்.

நாச்சிமுத்து ஃபோமைத் தட்டிக் கொடுத்தார். "பாத்தியா? இப்பத்தான் செட்டாகியிருக்குது. பசை காயணுமில்ல!"

அவள் ஆறாம் வகுப்புப் புத்தகம் தேடக் கீழே போனாள். அவள் பேச வேண்டியதெல்லாம் அதில் இருந்தது.

மெத்தையின் மேப்பு மட்டும் அவர் கண்ணை உறுத்தியது. பிய்த்துப் போட்ட ஃபோமை எடுத்து மெத்தையின் நெஞ்சில் வரிசையாக ஒட்டினார். இப்போது மூலையும் கறுப்பாக, பார்வையாக இருந்தது.

ஈரோட்டிலிருந்து அவருடைய சிநேகிதர் இளங்கோ வந்தார். கையைத் தட்டிப் பார்த்தார். மூலைக்குப் போய்க் கனைத்துப் பார்த்தார். "அடேங்கப்பா! என்னமா அடக்கி வெச்சிருக்குது!"

"எல்லாம் நான்தானுங்க" என்று ஃபோம் மெத்தையின் மேல் நின்று நெஞ்சை நிமிர்த்தியது.

மெத்தை வாய் திறக்கவில்லை. சத்தத்தை உள்ளே வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை.

காப்பி கொண்டுவந்த துளசிமணி, "உள்ள மெத்தை இருக்குதுங்க. அதுதானுங்க தாங்குது" என்றாள்.

இளங்கோ விழுந்து விழுந்து சிரித்தார். "தங்கச்சி நல்லா தமாஷ் பண்ணுது!" என்று சொல்லிவிட்டு, ஃபோமை நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்தார். கடையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். அவர் மனைவி நன்றாகப் பாடுவாராம். வீட்டிலேயே ஒரு ஸ்டூடியோ போடப் போகிறாராம்.

இளங்கோ மனைவியின் தொண்டைமேலும் பழி விழ இன்னும் எட்டு நாள் இருந்தது.