நாய்க்குட்டிக்குப் பாடம், அண்ணன் தம்பிக்குப் பிஸ்கட்

வேலாங்குளத்தில் சடையப்பன், கூத்தன், மொக்கையன் என்று அண்ணன் தம்பி மூன்று பேர். மூளையைப் பங்கு போட்டதில் மூவருக்குமே வராமல் போய்விட்டது. சமையலும் வராது. ஞாயிற்றுக்கிழமை அக்கா பேச்சியம்மாள் போடும் கறிக்குழம்பை நினைத்துக்கொண்டுதான் மற்ற நாளெல்லாம் கஞ்சி குடித்தார்கள்.

அந்த அக்கா, நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போகுமுன் தன் பித்தளை அண்டாவைக் கொண்டுவந்து இறக்கினாள். "ஊரெல்லாம் திருட்டு பயமா இருக்கு. நான் வர்ற வரைக்கும் பத்திரமாப் பாத்துக்குங்க. அண்டா போச்சு, அப்புறம் ஒருத்தனும் என் வாசப்படி மிதிக்கக்கூடாது!"

அண்டா போனால் குழம்பும் போகுமே! அன்றைக்கே சடையப்பன் ஒரு நாய்க்குட்டி வாங்கி வந்தான். கொடுத்தவர் சொல்லி அனுப்பினார்: "வாயால சொன்னா அதுக்குப் புரியாதுப்பா, செஞ்சு காட்டணும். ஒழுங்காச் செஞ்சா உடனே ஒரு பிஸ்கட்."

பாடம் தொடங்கியது. சடையப்பன் "உட்காரு!" என்றான். தம்பிகள் பொத்தென்று உட்கார்ந்து காட்டினார்கள். ஒழுங்காகச் செய்தது அவர்கள்தானே? ஆளுக்கொரு பிஸ்கட். பிறகு மொக்கையன் சொல்ல, சடையப்பன் உட்கார்ந்தான். வேலை ருசியாகவே இருந்தது. நாய்க்குட்டி வாசல் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டது.

அடுத்தது, வெளியே போய் ஒன்றுக்கு இருக்கும் பாடம். தெருவிளக்குக் கம்பத்தைச் சுற்றி மூவரும் கையூன்றி நின்றார்கள்.

"எந்தக் காலைத் தூக்கணும்ணே?"

"கோயிலுக்குள்ள எந்தக் காலை வச்சுப் போவோம்?"

"வலது கால்."

"அப்ப இதுக்கு இடது கால்தான். மரியாதை வேணும்ல?"

எதிர் வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன.

மறுநாள் காவல் பாடம். உச்சி வெயிலில் வாசலில் நாலு காலில் நின்று மூவரும் குரைத்தார்கள்.

"குட்டி கவனிக்குதாண்ணே?"

"கண்ணை மூடிக்கிட்டுக் கவனிக்குதுடா."

அப்போதுதான் திருடன் வந்தான். குரைக்கும் ஆட்களைப் பார்த்து முதலில் இரண்டடி பின்வாங்கினான். பிறகு பக்கத்தில் பிஸ்கட் பொட்டலத்தைப் பார்த்தான். எதற்கும் பார்ப்போம் என்று, "உட்காரு!" என்றான். மூவரும் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு பிஸ்கட் போட்டான். "படு!" படுத்தார்கள். "கண்ணை மூடு! நான் சொன்னாத்தான் திறக்கணும்!"

"இது புதுப் பாடம்ணே," என்று கூத்தன் பூரித்துப் போனான்.

அண்டாவோடு வெளியே வந்த திருடன் கட்டிலில் இடித்தான். தூக்கம் கெட்ட குட்டி பாய்ந்து அவன் கணுக்காலைக் கடித்து வேட்டியைப் பிடித்துக்கொண்டது. அண்டா உருண்டுபோய் மொக்கையன் தலையில் முட்டியது. "ஐயோ, கடிக்குதே! அண்டாவும் போச்சே!" என்று அலறித் திருடன் வேட்டியை விட்டுவிட்டு ஓடினான். குட்டி அதைக் கொண்டுவந்து சடையப்பன் முகத்தில் போட்டது.

சடையப்பன் கண்ணை மூடியபடியே தடவிப் பார்த்துப் பதறினான். "பாடம் சொன்னாரு, பிஸ்கட் போட்டாரு. பரீட்சை வைக்க வந்த வாத்தியாருடா அவரு! இது அவரையே கடிச்சிருச்சே!"

"நாம மூணு பேரும் பாஸு. குட்டிதான் ஃபெயிலா?" என்று கூத்தன் அழுதான்.

"ஆசையா எடுத்த அண்டாவை அவருக்கே குடுத்துட்டா பாஸ் போட்டுருவாரு."

"அக்கா அண்டாவாச்சேண்ணே?"

"மடையா, குட்டி பாஸானாத்தானே அக்கா அண்டாவைக் காக்கும்!"

வாத்தியார் இன்னும் கண்ணைத் திறக்கச் சொல்லவில்லை. அதனால் கண்ணை மூடியபடியே அவரைத் தேடிக் கிளம்பினார்கள். சடையப்பன் குட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்; தம்பிகள் அண்டாவோடு அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். தெருமுனையில் அண்டா யார் மேலோ போய் இடித்தது. ஊரிலிருந்து திரும்பி வந்த பேச்சியம்மாள்தான். கண்ணை மூடிக்கொண்டு வரும் தம்பிகளைப் பார்த்து அவள் கையிலிருந்த பையைக் கீழே போட்டாள்.

சடையப்பன் வேட்டியை அவள் தோளில் போட்டான். அண்டாவை அவள் கையில் திணித்தான்.

"ஐயா, நீங்க விட்டுட்டுப் போன அண்டா. எங்க அக்கா வர்றதுக்குள்ள எடுத்துக்கிட்டு ஓடிருங்க!"

எல்லாம் ஒழுங்காகச் செய்தாயிற்று. மூவரும் வாயை ஆவென்று திறந்துகொண்டு பிஸ்கட்டுக்காக நின்றார்கள்.