நாரைக்கு நூற்றுப் பன்னிரண்டு துளை

வெள்ளச்சி என்ற நாரை முப்பது நாள் ஒற்றைக் காலில் நின்று ஒரு முதலையின் வரவை எண்ணியது.

அந்தக் காட்டில் கோடைக்குத் தண்ணீர் என்றால் மருதந்துறை ஒன்றுதான். அந்தத் துறையில் ஒரு முதலை இருந்தது. அது எந்த நேரம் வரும் என்று யாருக்கும் தெரியாது. எல்லா விலங்குகளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தண்ணீர் குடித்தன. வெள்ளச்சி காலை, உச்சிவெயில், மாலை என்று மூன்று வேளையும் நாணலுக்குள் நின்று பார்த்தது. காலையில் இருபத்திரண்டு நாள் முதலை வந்தது. மாலையில் இருபத்தாறு நாள். உச்சிவெயிலில் ஒரு நாள்கூட வரவில்லை.

"உச்சிவெயிலில் முதலை மருதந்துறைக்கு வராது!" என்று அத்திமரத்தடிக்கு வந்து சொன்னது வெள்ளச்சி.

யார் எதைக் கண்டறிந்தாலும் அந்த மரத்தடியில் வந்துதான் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒன்றைச் சொல்கிறவர், அதை யார் சொன்னதை வைத்துச் சொல்கிறார் என்று பெயரையும் சொல்ல வேண்டும். சொன்னதும் மரங்கொத்தி சிங்காரம் அந்தப் பெயருக்கு நேரே மரத்தில் ஒரு துளை கொத்தும். சந்தேகம் வந்தால் யாரைப் போய்க் கேட்பது என்று தெரியட்டும் என யாரோ புண்ணியவான் ஏற்படுத்திய வழக்கம் அது. பிற்பாடு கேட்பதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். துளையை எண்ணுவது மட்டும் மிஞ்சியது. யாருக்கு அதிகத் துளையோ, காட்டுக் கூட்டத்தில் அவருக்கு மரத்தின் உச்சிக் கிளை!

வெள்ளச்சியின் பேச்சு காட்டுத் தீயாய்ப் பரவியது.

"உச்சிவெயிலில் குடிக்கும் தண்ணீர்தான் உடம்புக்கு நல்லது. வெள்ளச்சி சொன்னபடி, அப்போது பயமும் இல்லை!" என்றது அணில். ஒரு துளை.

"குட்டிகளை உச்சிவெயிலில் துறைக்குக் கூட்டிப் போகலாம். வெள்ளச்சி சொன்னபடி, அணில் சொன்னபடி!" என்றது மயில். ஆளுக்கொரு துளை.

முயல் வந்து மயில் பெயரையும் வெள்ளச்சி பெயரையும் சொன்னது. இப்படியே நூற்றுப் பன்னிரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட உச்சிவெயிலில் துறைக்குப் போய்ப் பார்க்கவில்லை. அணில் இருக்கிறதே, அது இலையில் நிற்கும் பனியை நக்கியே காலம் தள்ளுகிறது. ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுகூட அதற்குத் தெரியாது!

அடுத்த கூட்டத்தில் உச்சிக் கிளை வெள்ளச்சிக்குத்தான் என்று காடே பேசியது. நாரைக்குப் பல் இருந்திருந்தால் வாயெல்லாம் பல்லாக இருந்திருக்கும். அந்த ஆசையையும் குறை சொல்ல முடியாது. தாழ்ந்த கிளையில் கூடு கட்டி, இரண்டு வருஷமாக முட்டைகளைப் பாம்புக்குப் பறிகொடுத்திருந்தது அது.

கூட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது வெள்ளச்சி மீன் தேடி ஆற்று நடுவே இருந்த மணல்திட்டுக்குப் போனது. அங்கே ஒரு குழியைச் சுற்றி உடைந்த முட்டை ஓடுகள் கிடந்தன. ஓர் உடும்பு அவற்றை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"இது யாரோட முட்டை?" என்று கேட்டது வெள்ளச்சி.

"முதலையோடது. என் வயித்தெரிச்சலைக் கேட்காதே! வெயில் ஏறினாத்தான் எனக்கு உடம்பு அசையும். தினமும் உச்சிவெயில் நேரத்துல திருட வருவேன். அந்தப் பாவி அந்த நேரத்துக்கு அசையாம காவல் கிடக்கும். நேத்து எல்லாம் பொரிஞ்சு தண்ணிக்குள்ள போயிடுச்சு. இனிமே அதுக்கு இங்கே என்ன வேலை? எந்த நேரம் வேணும்னாலும் துறைக்குப் போகும்!"

வெள்ளச்சிக்கு விஷயம் புரிந்தது. முதலை வெயிலுக்குப் பயந்து துறைக்கு வராமல் இருக்கவில்லை. முட்டைக்குக் காவல் இருந்ததால் வரவில்லை. முப்பது நாளும் அது காவல் காத்த நாள்கள். எண்ணியதில் ஒரு பிசகும் இல்லை. எண்ணிய காலம்தான் பிசகு.

நேரே சிங்காரத்திடம் பறந்தது.

"சிங்காரம், நான் சொன்னது தப்பு! இப்பவே எல்லாரையும் கூப்பிடு!"

"மெதுவாப் பேசுங்கக்கா," என்றது சிங்காரம். "உங்க ஒரு பேச்சு மேலே நூத்திப் பன்னிரண்டு பேச்சு நிக்குது. நீங்க உருவினா மொத்தமும் சரியும். அணில் சும்மா விடுமா? மயில் சும்மா விடுமா?"

"அதுக்காகச் சொல்லாம இருக்க முடியுமா?"

"சொல்ல வேண்டாம்னா சொன்னேன்? நாலு நாள் பொறுங்க. உச்சிக் கிளையில ஏறி உட்கார்ந்துட்டுச் சொல்லுங்க. அங்கேயிருந்து சொன்னா எல்லார் காதுலயும் ஏறும். சேத்துல நின்னு கத்தினா யாரு மதிப்பா?"

வெள்ளச்சிக்கு அது நியாயமாகவே பட்டது. நம் மனசு ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருப்பதை அடுத்தவர் எடுத்துச் சொன்னால் நியாயமாகப் படாமல் என்ன செய்யும்! அது வாயை மூடிக்கொண்டது.

நாலு நாள் கழிந்தது. காலையில் கூட்டம் கூடியது. வெள்ளச்சி உச்சிக் கிளையில் ஏறி உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் உடும்பு சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னது.

"எனக்கு முப்பது துளை சேர்ந்திருக்கே, அது பொறுக்கலை!" என்று வாலைத் தூக்கிக்கொண்டு கத்தியது அணில். "மேலே ஏறினதும் புத்தி மாறிடுச்சு பாருங்க!"

"இதை யார் சொன்னதை வெச்சுச் சொல்றீங்க?" என்று கேட்டது மயில்.

"உடும்பு சொன்னதை வெச்சு."

"உடும்புக்கு எத்தனை துளை?"

வெள்ளச்சி மரத்தைப் பார்த்தது. "ஒண்ணும் இல்லை."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரித்துவிட்டுக் கலைந்தும் போனது.

அதற்குள் வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. வெள்ளச்சி துறைக்குப் பறந்தது. செவத்தி என்ற புள்ளிமான் தன் குட்டியோடு கரையில் இறங்கிக்கொண்டிருந்தது. குட்டி பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"செவத்தி, நில்லு! தண்ணிகிட்டப் போகாதே! முதலை வரும்!"

"நீதானே வராதுன்னு சொன்னே?"

"தப்பாச் சொல்லிட்டேன்!"

செவத்தி தயங்கியது. குட்டி அதன் வயிற்றில் முட்டி முட்டிப் பார்த்துவிட்டு ஆற்றைப் பார்த்தது.

"தாகத்துல இதுக்கு நாக்கு வறண்டு போச்சு. காலையில வந்தா ஆபத்துன்னுதானே இவ்வளவு நேரம் பொறுத்தோம்? நீ ஒருத்தி போகாதேங்கறே. நூத்திப் பன்னிரண்டு பேர் போகலாம்ங்கறாங்க. நான் யாரை நம்புறது?"

"அந்த நூத்திப் பன்னிரண்டு பேரும் நான்தான், செவத்தி!" என்று அலறியது வெள்ளச்சி. "அவங்க யாரும் வந்து பார்க்கலை! பார்த்தது நான் ஒருத்திதான்!"

செவத்திக்கு அது புரிவதற்குள் குட்டி ஓடிப்போய்த் தண்ணீரில் வாய் வைத்துவிட்டது. தண்ணீர் ஒரு முறை புரண்டது. பிறகு கரையில் குட்டி இல்லை.

மறுநாள் அத்திமரத்தடியில் முயல் புதிதாக ஒன்று சொன்னது.

"நேற்று துறையில் ஒரு மான்குட்டி போய்விட்டது. வெள்ளச்சி சொன்னபடி, உச்சிவெயிலில் முதலை வராது. ஆகவே குட்டியைக் கொண்டுபோனது முதலையாக இருக்க முடியாது. சுழலாகத்தான் இருக்க வேண்டும்!"

எல்லோரும் தலையாட்டினார்கள். சிங்காரம் வெள்ளச்சியின் பெயருக்கு நேரே இன்னொரு துளை கொத்தியது.

"நிறுத்துங்க!" என்று மேலேயிருந்து கத்தியது வெள்ளச்சி. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோரும் போன பிறகு செவத்தி மட்டும் மரத்தடிக்கு வந்து நின்றது. அது அழவில்லை.

"வெள்ளச்சி, தப்புன்னு உனக்கு எப்போ தெரிஞ்சது?"

"அஞ்சு நாள் ஆச்சு," என்றது வெள்ளச்சி.

"அதுல நாலு நாள் நாங்க உன் பக்கத்துலதான் தண்ணி குடிச்சோம். நீ எங்க முகத்தைப் பார்க்கவே இல்லை. என் மேல என்னமோ கோபம்னு நினைச்சேன்."

இதைச் சொல்லிவிட்டுச் செவத்தி திரும்பி நடந்தது.

தெரிந்த பிழையைத் தெரிந்த அன்றே சொல்லாமல் தன் பெயருக்காகப் பொத்தி வைத்தால், பிறகு ஊரைக் கூட்டிச் சொன்னாலும் அது யாரையும் காப்பாற்றாது.