கோரைப்பட்டினத்தின் நாலாவது பாலம்

கோரைப்பட்டினத்துக்காரர்கள் கடலுக்குள் பாலம் போடுவதில் லேசுப்பட்டவர்கள் இல்லை. வள்ளங்கள் மீன் இறக்க, முதலில் பனைத்தடிகளை நட்டுப் போட்டார்கள். கடல்பூச்சி அரித்துத் தள்ளியது. அடுத்தது இரும்புக் கால். மேலே தேக்குப் பலகை. மூன்று தலைமுறைக்கு உழைத்தது. ஒவ்வொரு புயலுக்கும் பலகைகள் மட்டும் கழன்று கரையொதுங்கும். ஊரே திட்டிக்கொண்டே போய்ப் பொறுக்கி வந்து அடுக்கும்.

இந்தத் தொல்லையே வேண்டாமென்று, இரும்பு துருப்பிடித்துத் தீர்ந்தபின், இசக்கியப்பன் மேஸ்திரி மூன்றாவது பாலத்தைச் சிமெண்டில் கட்டினார். தளமும் தூணும் ஒரே வார்ப்பு. அடுத்த பெரும்புயல் தளத்தைத் தூக்கியது. தூண்களும் வேரோடு கூடவே போயின.

மனுஷர் நொறுங்கிப் போனார். கொத்துக் கரண்டியை வீசிவிட்டு, கடற்கரை மடத்துத் தில்லைவன சாமிக்குச் சீடரானார். குருவுக்குச் சீடரைவிட இருபது வயது குறைவு. ஊர் வாயைப் பொத்திச் சிரித்தது. இருவரும் சட்டை செய்யவில்லை.

போன மாசம் அதே ஊர் மடத்துக்கு வந்து நின்றது.

"நாலாவதையும் நீங்களே கட்டிக் குடுங்க அண்ணாச்சி. இதுவும் போச்சுன்னா வள்ளத்தையெல்லாம் வித்துட்டு வேற ஊர் பாக்க வேண்டியதுதான்."

அன்றிலிருந்து இசக்கியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

"சாமி, எங்க தப்புன்னே எனக்குப் பிடிபடல," என்றார். "கம்பியில குறை வைக்கல. கலவையில குறை வைக்கல. எங்கயும் துளி ஆட்டம் கிடையாது."

சாமி எழுந்துபோய் அடுக்களைக் கதவைக் கழற்றி வந்தார்.

"இதப் படுக்கவாட்டுல பிடிச்சுக்கிட்டு, இடுப்பளவு தண்ணியில நில்லுங்க அண்ணாச்சி."

அலை வந்தது. கதவை அடியிலிருந்து தூக்கியது. இறுக்கிப் பிடித்திருந்த மேஸ்திரியையும் சேர்த்துத் தூக்கி மணலில் போட்டது. வாயெல்லாம் உப்பு. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுபடி போய், இன்னும் இறுக்கிப் பிடித்தார். மறுபடியும் மணல்தான். சாமி கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் வந்தது நல்ல பெரிய அலை. கை ஓய்ந்துபோய்ப் பிடி விட்டது. கதவு போயிற்று. அலை அவரைச் சுற்றிக்கொண்டு கடந்தது.

இசக்கியப்பன் நின்றுகொண்டிருந்தார். தண்ணீருக்குள் தெரிந்த தன் கால்களையே பார்த்தார். சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது.

"தளத்தத் தூணோட சேத்து வார்க்கவே கூடாது சாமி. பலகைதான் போடணும். அதையும் போல்ட் போட்டு முறுக்கக் கூடாது. சும்மா அடுக்கி வச்சாப் போதும். போறது போகட்டும், காலு நிக்கும்."

சொன்ன வாய் மூடவில்லை, முகம் வாடிவிட்டது.

"ஆனா முதல் புயல்லயே பலகை போகும். 'இந்தத் தடவையும் இசக்கியப்பன் கட்டினது நிக்கலை'ன்னு ஊரு பேசும். அதை இன்னொரு வாட்டி என்னால கேக்க முடியாது சாமி."

சாமி வேட்டியை மடித்துக் கட்டி, மிதந்துபோகும் கதவைப் பிடிக்கத் தண்ணீரில் இறங்கினார்.

"பேசட்டும் அண்ணாச்சி. பேசிக்கிட்டேதான் பலகை பொறுக்குவாங்க."