காய்ச்சல் பெட்டிக்கு நாலாவது பூட்டு

வாய்க்கால் ஒன்று, அதன் கரையில் ஊர் மூன்று. மேலப்பூண்டி, நடுப்பூண்டி, கீழப்பூண்டி. மூன்றுக்கும் சேர்த்து அறிவு அரைப்படி. அதையும் பங்கு போட்டால் சண்டை வருமென்று பொதுவில் வைத்து, யாரும் தொடாமல் விட்டிருந்தார்கள்.

ஒரு வருஷம் விஷக்காய்ச்சல் வந்து மூன்று ஊரையும் பாயில் படுக்கப் போட்டுவிட்டுப் போனது. போன பிறகு எல்லோருக்கும் ஞானம் வந்தது. அடுத்த காய்ச்சலுக்கு இப்போதே தயாராவோம் என்று உலக மாநாடு கூட்டினார்கள். அவர்களுக்குத் தெரிந்த உலகம் அந்த மூன்று ஊர்தான்.

மருந்துக்கு நிதி தருவதாக மூன்று தலைவர்களும் வாக்குக் கொடுத்தார்கள். கொடுத்த வாக்குக்கு மாலை போட்டார்கள். மாலை, பந்தல், மேளம், விருந்து எல்லாம் அந்த நிதியிலேயே நடந்தது. மிச்சத்தில் ஒரு பலாமரப் பெட்டியும், அதன் அடியை மறைக்கிற அளவுக்குச் சூரணமும் வாங்கினார்கள்.

விற்ற வைத்தியர் போகும்போது சொன்னார்: "மருந்தைப் பத்திரமா வையுங்க. காய்ச்சல் வந்தா யாரும் ஊர் எல்லையைத் தாண்டாதீங்க."

"பத்திரம்னா பூட்டணும்," என்றார் மேலப்பூண்டித் தலைவர் வீரணன். "சாவி எங்கிட்ட இருக்கட்டும்."

"ஏன், நாங்க என்ன கேனப்பயலுகளா?" என்றார் நடுப்பூண்டித் தலைவர் சடையப்பர்.

"எனக்கு உங்க ரெண்டு பேர் மேலயும் நம்பிக்கை இல்ல," என்றார் கீழப்பூண்டித் தலைவர் குப்பாண்டி. "அதனால ஆளுக்கொரு பூட்டு போடுவோம். அதுதான் ஒத்துமை."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. பெட்டியை மேலப்பூண்டியில் வைத்தார்கள். போன காய்ச்சல் முதலில் வந்தது அங்கேதானாம்.

அடுத்த காய்ச்சலும் மரியாதை தெரிந்த காய்ச்சல். நேரே அங்கேயே வந்தது. பேச்சியின் சின்ன மகள் அனலாய்க் கொதித்தாள். பேச்சி வீரணனிடம் ஓடினாள்.

"பெட்டியத் திறங்கய்யா! பிள்ள கண்ணே திறக்க மாட்டேங்குது!"

"திறக்கலாம் தாயி. மத்த ரெண்டு சாவியும் வேணுமே."

"வரச் சொல்லுங்க!"

"எல்லையத் தாண்டக் கூடாதே. வைத்தியர் சொல்லியிருக்காரு."

"அப்ப பூட்டை உடைங்க!"

வீரணன் காதைப் பொத்திக்கொண்டார். "மூணு ஊரு ஒத்துமைய உடைக்கச் சொல்றியே!"

பேச்சி தலையில் அடித்துக்கொண்டாள். சொல்கிற எனக்கே வயிறு எரிகிறது, பெற்றவளுக்கு எப்படி இருக்கும்!

மேலப்பூண்டிக்காரர்கள் கூடிக் கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எல்லை தாண்டக் கூடாதது ஆட்கள்தான், பெட்டி தாண்டலாம். வீரணன் தன் பூட்டைத் திறந்து பெட்டியை வாய்க்காலில் விட்டார். நடுப்பூண்டியில் அதைத் துறட்டியால் இழுத்து, சடையப்பர் தன் பூட்டைத் திறந்து தள்ளிவிட்டார். கீழப்பூண்டியில் குப்பாண்டி கடைசிப் பூட்டையும் திறந்து, "திறந்தாச்சு!" என்று கத்தினார். மூன்று ஊரிலும் வெடி போட்டார்கள்.

புகை அடங்கிய பிறகுதான், தண்ணீர் மேல்நோக்கி ஓடாது என்பது அவர்களுக்கு நினைவு வந்தது.

"மருந்து இங்க இருக்கு, காய்ச்சல் அங்க இருக்கு. என்னங்க செய்யறது?" என்று கீழப்பூண்டிக்காரர்கள் கேட்டார்கள்.

"திறந்த மருந்து கெட்டுப்போயிரும்," என்றார் குப்பாண்டி. "நாமளே சாப்பிட்டுருவோம்."

கீழப்பூண்டியில் ஒரு தும்மல்கூட இல்லை. இருந்தாலும் வரிசையில் நின்று சாப்பிட்டார்கள். கடைசிப் பிடி மிஞ்சியபோது, வாய்க்காலிலிருந்து ஈரப் புடவையோடு பேச்சி ஏறி வந்தாள். மிச்சத்தை ஒரு கொட்டாங்கச்சியில் வழித்துப் போட்டுக்கொண்டாள்.

"எல்லையத் தாண்டிட்டியே!" என்று பதறினார் குப்பாண்டி.

"பெட்டி வந்த வழியிலதான் நானும் வந்தேன். அதக் கேட்டீங்களா?"

குப்பாண்டி யோசித்தார். அவர் யோசித்து முடிப்பதற்குள் பேச்சி வீடு போய், மருந்தைப் புகட்டி, பிள்ளை கண் விழித்துக் கஞ்சியும் கேட்டுவிட்டது.

காய்ச்சல் ஓய்ந்ததும் மறுபடியும் உலக மாநாடு. "மருந்து சாப்பிட்ட எங்க ஊர்ல ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்ல. அருமையான மருந்து!" என்றார் குப்பாண்டி. அவருக்கு மாலை விழுந்தது. பிறகு பேச்சியின் குற்றத்தை எடுத்துக்கொண்டார்கள். மூன்று பூட்டு இருந்தும் ஒருத்தி மருந்தைத் தொட்டுவிட்டாளே! நாலாவதாக ஒரு பெரிய பூட்டு வாங்கினார்கள். புது நிதி அதற்கே சரியாகப் போனதால் மருந்து வாங்கவில்லை.

"இந்தச் சாவி யாருகிட்ட?" என்றார் சடையப்பர். மூவரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள்.

"பேச்சி கைக்கு எட்டாத இடமா இருக்கணும்," என்றார் குப்பாண்டி. "பெட்டிக்குள்ளயே வச்சிருவோம்."

அப்படியே சாவியை உள்ளே வைத்து, நாலு பூட்டையும் அழுத்திப் பூட்டினார்கள்.

"காலிப் பெட்டியப் பூட்டுறோமேன்னு கவலையா இருந்துச்சு," என்றார் வீரணன். "நல்லவேளை, இப்ப உள்ள ஒண்ணு இருக்கு."