முன்னால் கட்டிய சுக்கான்

சுக்கானைத் தோணிக்கு முன்னால் கட்டிவிட்டார்கள். நடந்த தப்பு அதுதான்.

தோணி நண்டுப்பட்டிக்காரர்களுடையது. பாய்மரத் தோணி, பழசு. அதில்தான் இஞ்ஞாசி தன் கல்யாணத்துக்குப் போக வேண்டும். பெண் மெற்றில்டாவுக்கு ஊர் கடலுக்கு அந்தப் பக்கம், வெள்ளமணல். அவள் அப்பா லெயோனுக்கு நண்டுப்பட்டியை நன்றாகத் தெரியும். அதனால் முன்னமே சொல்லி அனுப்பிவிட்டார்: "திங்கக்கிழமை கோயில்ல உச்சிமணி அடிக்கறதுக்குள்ள மாப்பிள்ளையும் விருந்துக்குக் கிடாவும் வந்து எறங்கணும். இல்லேன்னா பொண்ணு அவ அத்தை மகனுக்கு."

தோணியின் பின்னால் இருந்து அதைத் திருப்புகிற சுக்கான் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. தோணி கட்டுகிற ஓடாவியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவருக்கு வேறு வேலை இருந்தது.

"சுக்கானக் கழத்துங்க. மரத்தத் தட்டிப் பாருங்க. டக்குன்னு கேட்டா நல்லது. பொத்துன்னு கேட்டா உளுத்தது, சுறா எண்ணெய் போடுங்க. நெழல்ல காய வச்சு மாட்டுங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கொஞ்சம் நின்றிருக்கலாம்.

கழற்றினார்கள். தோணியை ஓட்டுகிற தண்டல் கஸ்பார், மரச்சுத்தியலால் தட்டினார்.

"இது டக்கா, பொத்தா?"

"ரெண்டு மாதிரியும் கேக்கு வே," என்றான் அவர் மச்சான் தொம்மை. "வேற எதையாவது தட்டிப் பாரும். ஒத்துப் பாத்தாத்தான தெரியும்?"

கஸ்பார் தொம்மையின் தலையில் தட்டினார். டக். தன் தலையில் தட்டிக்கொண்டார். டக். பெருமையாக இருந்தது. அப்படியே பக்கத்தில் நின்ற இஞ்ஞாசியின் தலையிலும் ஒன்று போட்டார். அவனுக்குக் காடு மாதிரி முடி.

பொத்.

"ஐயய்யோ! மாப்பிள்ளை உளுத்துட்டான்!"

அப்புறம் சுக்கானை யார் பார்த்தார்கள்? இருந்த சுறா எண்ணெய் முழுவதும் இஞ்ஞாசியின் தலைக்குப் போனது.

"மாமா, நாத்தம் கொடலப் புடுங்குது."

"உளுப்பு வெளிய வருதுலே. பேசாம இரு."

அடுத்தது, நிழலில் காய வைக்க வேண்டும். கடற்கரையில் ஒரே ஒரு பனைமரம். அதன் நிழலில் சுக்கானையும் மாப்பிள்ளையையும் பக்கத்துப் பக்கத்தில் கிடத்தினார்கள். நிழல் நகர்ந்தது. இரண்டையும் தூக்கி நகர்த்தினார்கள். மறுபடி நகர்ந்தது. மறுபடி தூக்கினார்கள். சாயங்காலம் பனை நிழல் நீண்டு கடலுக்குள் இறங்கியது.

"தண்ணிக்குள்ள போவுதே, என்ன செய்ய?" என்றான் தொம்மை.

கஸ்பார் யோசித்தார். "ஓடாவி நெழல்லன்னுதான் சொன்னாரு. கரையிலன்னு சொன்னாரா?"

சொல்லவில்லை. அதனால் பொழுது அடையும்வரை இரண்டும் கடலுக்குள் காய்ந்தன. மாப்பிள்ளைக்குக் கழுத்தளவு தண்ணீர்.

திங்கள் காலை சுக்கானை மாட்டப் போனார்கள். தொம்மை குறுக்கே நின்றான்.

"பொறும் வே. போற வழி எந்தப் பக்கம் இருக்கு?"

"முன்னால."

"சுக்கான் எங்க இருந்துச்சு?"

"பின்னால."

"அப்ப அதுக்கு வழி எப்படித் தெரியும்?"

கஸ்பாருக்குக் கண் கலங்கிவிட்டது. "பாவம்லே! இத்தன வருசமா ஒண்ணுமே தெரியாம கூடவே வந்திருக்கு!"

முன்னால் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். பாயை விரித்தார்கள். பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு சும்மாதானே தொங்குகிறது என்று அதன் நுனியில் கிடாவைக் கட்டினார்கள். புறப்பட்டார்கள்.

நடுக்கடலில் தோணி வட்டமடித்தது. நிற்கவே இல்லை.

"எத்தன வெள்ளமணல் வே இருக்கு?" என்றான் தொம்மை. "எல்லாத்துலயும் ஒரே மாதிரி கோயில். நடுநடுவுல நம்ம ஊரும் வருது."

இஞ்ஞாசி அண்ணாந்து சூரியனைப் பார்த்தான். உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

"மாமா, மணி அடிச்சிருவான். அவள அத்தை மகனுக்குக் குடுத்துருவாங்க."

"இத்தன கோயில் இருக்குலே. ஒண்ணுல அடிச்சா இன்னொண்ணுக்குப் போவம்."

அவன் ஓவென்று அழுதான். கட்டிப்பிடித்து அழ ஆள் கிடைக்காமல் கிடாவைக் கட்டிக்கொண்டான். கிடா அந்தத் தலையை ஒரு தடவை மோந்து பார்த்தது. அவ்வளவுதான். துள்ளிக்கொண்டு மறுகோடிக்கு ஓடியது. கயிறும் கூடவே ஓடியது. பாய் சடாரென்று மறுபக்கம் புரண்டது. காற்று அதை எதிர்ப்பக்கமாக உந்த, தோணி அப்படியே பின்பக்கமாக ஓட ஆரம்பித்தது.

பின்பக்கமாக ஓடினால் முன்னால் கட்டிய சுக்கான் எங்கே இருக்கும்? பின்னால். நேராக ஓடியது.

இவர்கள் யாரும் திரும்பி உட்காரவில்லை. கண்முன்னே நண்டுப்பட்டி சிறுத்துக்கொண்டே போவதைப் பார்த்தார்கள்.

"ஊரு நம்மள விட்டுட்டுப் போவுது வே," என்றான் தொம்மை. கை ஆட்டினான். "போய்ட்டு வா! பத்திரம்!"

முதுகுப் பக்கம் வெள்ளமணலில் தோணி மோதியது. லெயோன் ஓடிவந்து மாப்பிள்ளையைச் சட்டையைப் பிடித்து இறக்கினார். அவன் கால் மணலில் பட்டது. மணி அடித்தது.

கோயில் வாசலில் மெற்றில்டா மூக்கைப் பொத்தினாள். "என்னய்யா இது?"

"உளுப்பு எடுத்தாச்சு," என்றான் இஞ்ஞாசி. "வேணும்னா தட்டிப் பாரு."

தட்டினாள். எண்ணெயும் உப்பும் சேர்ந்து முடி பலகையாகிப் போயிருந்தது. டக்.

"சரி," என்றாள். கல்யாணம் முடிந்தது.

விருந்துக்குக் கிடாவைக் கேட்டார் லெயோன். கஸ்பார் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார்.

"நம்மள நேரத்துக்குக் கொண்டாந்து சேத்தவரப் போயி வெட்டுறதா?"

அன்று விருந்துக்குக் கத்தரிக்காய். திரும்பும்போது கஸ்பார் கல்யாணத்துக்குக் கட்டிய தன் தலைப்பாகையைக் கழற்றிக் கிடாவின் கொம்பில் சுற்றிக் கட்டி, அதைத் தன் இடத்தில் நிறுத்திவிட்டு, பயணியாகப் போய் ஒதுங்கி உட்கார்ந்தார். அது தலைப்பாகையில் பாதியைத் தின்றது. யாரும் கேட்கவில்லை. தண்டலை யார் கேட்பார்கள்?

அந்தச் சுக்கானைச் சரிபண்ணியது யாரென்று நண்டுப்பட்டியில் கேட்டுப் பாருங்கள். எழுந்து நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் பதில் சொல்வார்கள்:

"கொம்பன் தண்டல்."