ஐந்நூறு ஆன மீன்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகம். அச்சகத்தில் ஒரு கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரு மீன் இருந்தது.

நிஜ மீன் இல்லை, ஸ்க்ரீன்சேவர். டிசைன் போடும் ஜெயசுதா டீ குடிக்க எழுந்து போனால், திரை இருட்டாகும், மீன் வெளியே வந்து நீந்தும். அவள் திரும்பி வந்து மவுஸைத் தொட்டதும் மறைந்துவிடும். அதுதான் அதன் பிழைப்பு.

மீனுக்கு ஒரே ஆசை. ஒரு மனுஷ முகத்தை நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். வருகிறவர்கள் எல்லாம் கையை நீட்டிக்கொண்டே வந்தால் என்னத்தைப் பார்ப்பது, பாவம்!

"முகம்னா எப்படி இருக்கும்?" என்று மவுஸிடம் கேட்டது.

"எனக்கென்ன தெரியும்? நான் கண்டதெல்லாம் உள்ளங்கைதான். வேலை கூடினா வேர்க்கும்."

கீபோர்டிடம் கேட்டது. "எனக்கு விரல் நுனி தெரியும். கோவம் வந்துட்டா என்ன குத்து குத்துறாங்க தெரியுமா? முகம் கிகம்லாம் தெரியாதுப்பா."

கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்த கறுப்பு ஜன்னலுக்குத்தான் விஷயம் தெரியும். படம், பட்டன் என்று எந்த அலங்காரமும் அதற்குக் கிடையாது. கட்டளையை எழுத்தில் அடித்தால் நடத்தி வைக்கும், அவ்வளவுதான்.

"ஏன் இப்படி அலையுறே? நாளைக்கு ஆயுத பூஜை," என்றது கறுப்பு ஜன்னல். "கம்ப்யூட்டருக்குப் பொட்டு வச்சு, மாலை போட்டு, எல்லாரும் முன்னால வந்து நிப்பாங்க. பூஜையில வச்ச பொருளை அன்னைக்கு ஒருத்தரும் தொடமாட்டாங்க. உன்னை யாரும் விரட்ட முடியாது."

மீனுக்குக் கால் இருந்திருந்தால் தரையில் பாவியிருக்காது.

"இரு, இரு. இன்னைக்குச் சாயங்காலம் அந்தப் பொண்ணு என் வழியாத்தான் உன்னைக் கூப்பிடும். கூப்பிடும்போது என்ன சொல்லுதோ அதுதான். ஓட ஆரம்பிச்சப்புறம் நடுவுல மாத்த முடியாது. பாத்துக்கோ."

சாயங்காலம் அச்சக முதலாளி குணசீலன் அண்ணாச்சி வந்து, "நாளைக்குக் கம்ப்யூட்டர் ஜம்முன்னு இருக்கணும்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெயசுதா கறுப்பு ஜன்னலைத் திறந்து மீனையே கேட்டாள்: உனக்கு என்னென்ன அமைப்பு உண்டு?

அப்படிக் கேட்டால் மீன்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு மூன்று கையாட்கள் இருந்தார்கள். வேகம், எண்ணிக்கை, நிறம். கட்டளையில் ஒவ்வொருவர் பெயருக்கும் முன்னால் இரண்டு சின்னக் கோடு. கூப்பிட்டால் வருவார்கள், கூப்பிடாவிட்டால் மூலையில் குந்தியிருப்பார்கள். அன்றைக்கு மூன்று பேரும் மீனைப் பிடித்துக்கொண்டார்கள்.

"முதல்ல என்னைச் சொல்லு. மெதுவாப் போறவனை எவன் பாப்பான்?" என்றது வேகம்.

"ஒத்தை மீனா? பாக்கவே தரித்திரமா இருக்காது?" என்றது எண்ணிக்கை.

"காலண்டர்காரங்கப்பா இவங்க! கலர் கம்மியா இருந்தா மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க," என்றது நிறம்.

மீன் நம்பிவிட்டது. வேகம் நூறு வரை, எண்ணிக்கை ஐந்நூறு வரை, நிறம் எத்தனை வேண்டுமானாலும் என்று பெருமையாகச் சொன்னது. யாரையும் கூப்பிடாவிட்டாலும் நான் பாட்டுக்கு நீந்துவேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல வெட்கப்பட்டது.

ஜெயசுதா எதிலும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் உச்சத்தையே அடித்துவிட்டு, நேரமாகிவிட்டதென்று திரையைப் பார்க்காமலே கிளம்பினாள்.

மறுநாள் சாம்பிராணிப் புகையோடு எல்லோரும் வந்து நின்றார்கள். மீனின் முன்னால் வரிசையாக முகங்கள். பார்க்க முடிந்ததா? எங்கே! ஐந்நூறு மீன்களாகி, நூறு வேகத்தில் பறந்து, தன்னையே இடித்துக்கொண்டு திணறியது. முகமெல்லாம் வெறும் கோடாக ஓடியது.

"மெதுவா! கொஞ்சம் மெதுவா!" என்று கெஞ்சியது.

"நூறுன்னு கூப்பிட்டாங்க, வந்தேன். குறைக்க எனக்கு அதிகாரம் இல்லை," என்றது வேகம்.

"ஏம்மா, கண்ணு கூசுது. தலை சுத்துது. அமத்தும்மா அதை," என்றார் அண்ணாச்சி.

"இன்னைக்குத் தொடக்கூடாதே அண்ணாச்சி," என்றாள் ஜெயசுதா. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அதுவும் சரிதான்," என்று அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்துத் திரைமேல் போர்த்திவிட்டார்.

அந்தப் பக்கம் சுண்டல் கொடுத்தார்கள், சிரித்தார்கள். துண்டுக்குள் ஐந்நூறு மீன்கள் பொழுதுக்கும் பறந்தன. இனி அடுத்த ஆயுத பூஜைதான் என்று நினைக்கும்போது மீனுக்குத் தாங்கவில்லை.

விஜயதசமி காலை. ராகுகாலம் முடிந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். ஜெயசுதாவுக்கு மனசு கேட்கவில்லை. அந்த மீனுக்கு என்னதான் கோளாறு? துண்டை எடுத்தாள், கீபோர்டைத் தொட்டாள். மீன் மறைந்தது. கறுப்பு ஜன்னலில் இந்தத் தடவை மீனின் பெயரை மட்டும் அடித்தாள்.

மூன்று கையாட்களும் எழுந்து நின்றார்கள். "எங்களை?"

"கூப்பிடலை. உக்காருங்க," என்றது கறுப்பு ஜன்னல்.

ஒரே ஒரு மீன் வந்தது. சாம்பல் நிறம். வாலை ஒரு தடவை அசைத்தது, கொஞ்சம் யோசித்தது, இன்னொரு தடவை அசைத்தது. அதன் நடையே அதுதான்.

ஜெயசுதா கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள். பிரஸ் ஓட்டும் இருளப்பனும் வேலை தொடங்கும் வரை பொழுது போகாமல் வந்து பக்கத்தில் நின்றார். இரண்டு முகங்கள்! ஒன்றில் மூக்குத்தி, ஒன்றில் நரைத்த மீசை. பார்க்கப் பார்க்க மீனுக்கு ஆனந்தம் தாளவில்லை. அந்த மீசை மெல்லச் சிரித்தது.

"நல்லாருக்கேத்தா இந்த மீனு!" என்றார் இருளப்பன். "நேத்து இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தே?"